கேக்கலியே அண்ணாச்சி

எங்கள் அண்ணன் கொம்பையாவுக்குப் பொய் சொல்ல வராது. ஸ்ரீவைகுண்டம் வாழைக்காய் மண்டியில் அவர் லோடு ஏற்றுகிற வேலை பார்க்கிறார். தார் அடிபட்டிருந்தால் வாங்க வந்தவரிடமே, "இது அடிபட்டதுவே, அடுத்தத எடும்" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவர் சொன்ன ஒரு பொய்யால் ஒரு பாட்டுக் குழுவே கலைந்துபோக இருந்தது. பொய் என்றால் பெரிய பொய் இல்லை. "கேக்கலியே அண்ணாச்சி." அவ்வளவுதான்.

அண்ணன் மின்சார கிடார் வாசிப்பார். சொன்னால் ஊரில் புதிதாக வந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பகலில் தோளில் சும்மாடும் உடம்பெல்லாம் வாழைக்கறையுமாக இருப்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கறுப்பு சட்டையை விட்டுப் போகாது. கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்துவிட்டால், மத்தியானமே வந்து வாசலில் குத்தவைத்து, புளியும் மண்ணெண்ணெயும் போட்டு விரல் விரலாகத் தேய்ப்பார். கறைப் பிசுக்கோடு கம்பியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் என்பார்.

"கலியாணத்துக்கு மாப்பிள்ள போறாரா, கச்சேரிக்குப் போறாரா?" என்று மதினி உள்ளே இருந்து கேட்பாள். மதினி பெயர் செல்லக்கிளி. பெயரில்தான் கிளி. பேசினால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

"ரெண்டும் ஒண்ணுதான், போ" என்பார் அண்ணன்.

கிடார் அவர் வாங்கியது இல்லை. இளவட்டமாக இருந்தபோது மைக் செட்டுக்காரர்களோடு பெட்டி தூக்கப் போவார். அப்போது குழுவில் தூத்துக்குடிப் பாக்கியசீலன் என்பவர் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டியை இறக்கிவிட்டு மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பாக்கியசீலனுடைய இடது கையையே பார்ப்பார். பாட்டைக் கேட்பதில்லை, கையைத்தான் பார்ப்பது. இப்படியே எத்தனையோ கொடை. ஒருநாள் பாக்கியசீலனுக்குக் காய்ச்சல் என்று அண்ணனை ஏற்றி நிறுத்தினார்களாம். அத்தனை பாட்டும் விரலில் இருந்தது. பிறகு பாக்கியசீலன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, "வச்சு வாசிச்சிட்டு இருலே. நான் கேட்டா குடு" என்று கொடுத்துவிட்டுப் போனார். மாதுளம்பழச் சிவப்பில் ஒரு கிடார். அவர் இன்றுவரை கேட்கவில்லை.

கண்ணால் படித்த படிப்பு என்பதால் அண்ணனுக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பாட்டும் அவருக்குக் கிடாரின் கழுத்தில் ஒரு இடம். அந்த இடத்தில் விரல் வைத்தால் பாட்டு வரும். இரண்டு விரற்கடை தள்ளி வாசி என்றால், பழகின வீட்டில் அடுப்படியை இடம் மாற்றி வைத்ததுபோலத் தடுமாறுவார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

குழுவுக்குச் சொந்தக்காரர் சிவசைலம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வருவார். பாடினால் கடைசி வரிசையில் முறுக்கு விற்கிறவன்கூட நின்று கேட்பான். போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். ஆள் தேறிவிட்டார், குரல் தேறவில்லை. கனம் அப்படியே இருந்தது. உச்சிக்குப் போகும்போது மட்டும் நூல் அறுந்த மாதிரி ஆகிவிடும். அறுந்ததும் அவர் இருமுவார், இருமலால்தான் நின்றது என்று காட்டிக்கொள்வதற்காக.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் கீபோர்டு வாசிக்கிற பெருமாள்ராஜ் ஒரு யோசனை சொன்னான். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, வாழைத்தார் இறக்கி வைக்கிற இடம். ஒத்திகை எல்லாம் அங்கேதான். நான் ஒரு மூலையில் இலைக்கட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன். நான் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"ஏலே கொம்பையா, என் கீபோர்டுல ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கிட்டா, கை அதே இடத்துல ஓடும், சுருதி மட்டும் ஒரு கட்டை எறங்கி வரும். நீயும் கம்பியத் தளத்திக்கோ. அண்ணாச்சிக்குப் பாட லேசா இருக்கும்."

"அவருகிட்டச் சொல்ல வேண்டாமாலே?"

"ஒங்க குரலு எறங்கிட்டுன்னு நீ போய்ச் சொல்லுதியா?"

அண்ணன் துண்டை எடுத்துக் கிடாரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டல்லா? அப்ப வாய மூடு. பாடுறதுக்கு லேசா இருந்தா எவனாவது ஏன்னு கேப்பானா?"

அண்ணாச்சி கேட்கவில்லை. அடுத்த ஒத்திகையில் உச்சியைத் தொட்டுவிட்டு, முகம் மலர்ந்து எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். அண்ணனும் பெருமாள்ராஜும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குனிந்துகொண்டார்கள். டிரம்ஸ் அடிக்கிறவர், பொம்பளைக் குரலுக்கு வருகிற பிள்ளை, எல்லாருக்கும் விஷயம் சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் கிடார் இரைய ஆரம்பித்தது.

முதலில் எப்போதாவது வந்தது. அப்புறம் தடித்த கம்பியைத் தொட்டாலே வந்தது. பாட்டுச் சத்தத்துக்கு அடியில், சன்னல் கண்ணாடியில் வண்டு மாட்டிக்கொண்டு முட்டுகிற மாதிரி, புர்ர் என்று. ராதாபுரம் பக்கம் ஒரு சித்திரைக் கொடைக்குப் போய்விட்டு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நடுப்பாட்டில் அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏதோ வண்டு மாதிரி கேக்கு. ராதாபுரத்துலயும் கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்கா?"

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். ஆமாம் என்றால் எங்கே இருந்து வருகிறது என்று கேட்பார். கிடார் என்றால் வாங்கிப் பார்ப்பார். வாங்கிக் கம்பியைத் தட்டினால் சுருதி இறங்கிக் கிடப்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இத்தனையும் அண்ணன் முகத்தில் ஓடியது.

பெருமாள்ராஜ்தான் முந்திக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி."

அண்ணாச்சி அண்ணனைப் பார்த்தார். "கொம்பையா, ஒனக்கு?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்கலியே அண்ணாச்சி."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அண்ணாச்சி "சரி சரி" என்று சொல்லிவிட்டுப் பாடினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்டார். அன்றைக்கு ஒத்திகை சீக்கிரமே முடிந்துவிட்டது.

அண்ணன் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். சத்தத்தை நிறுத்திவிட்டால் பொய்யும் தானாகவே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்போல. முதலில் வயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றி, தூசி தட்டி, ஆணிகளை முறுக்கினார். கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு வெறும் கிடாரைத் தட்டினார். அப்போதும் புர்ர் என்றது.

"பெட்டியில இல்ல. கம்பியிலதான்" என்றார்.

"அத நேத்தே சொன்னேம்லா" என்றாள் மதினி.

"எங்க சொன்ன?"

"மனசுக்குள்ள."

கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் இருக்கும். கம்பி அதிரும்போது அந்தப் பட்டைகளில் உரசினால்தான் இந்த இரைச்சல். அண்ணன் போனில் வீடியோ போட்டுப் பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கிடாரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. அண்ணன் வழக்கம்போல அவர் கையை மட்டும் பார்த்தார். கழுத்துக்குள்ளே நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, தலைப்பக்கத்து ஓட்டையில் சாவி விட்டுத் திருகினால் கழுத்து நிமிரும் அல்லது வளையும் என்பது வரைக்கும் தெரிந்தது. எந்தப் பக்கம் திருகுவது என்பதுதான் தெரியவில்லை. பாக்கியசீலனுக்குப் போன் போட்டார்.

மஸ்கட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. வாயில் சோற்றோடு பேசினார். "எந்தச் சுருதியில கட்டிருக்க?"

பாக்கியசீலனுக்குத் தெரிந்தால் பாட்டுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்புக்குத் தெரிந்துவிடும். அவர் நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது.

"எப்பவும் போலத்தான்" என்றார் அண்ணன்.

"அப்ப வெயில்ல கழுத்து முன்னால வளைஞ்சிருக்கும்லே. சாவியப் போட்டுப் பைய எறுக்கு. கொஞ்சமா."

அண்ணன் கொஞ்சமாகத்தான் இறுக்கினார். முன்பு ஒரு கம்பி இரைந்தது. இப்போது மூன்று இரைந்தன. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். உள்ளே மரம் நெரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் சாவியை அப்படியே கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மதினி தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

வைகாசியில் ஆழ்வார்குறிச்சியில் ஒரு அம்மன் கோயில் கொடை. வருஷா வருஷம் எங்கள் குழுதான். அதற்குச் சில நாள் முன்பு பெருமாள்ராஜ் சைக்கிளைக்கூட ஒழுங்காக நிறுத்தாமல் ஓடி வந்தான்.

"ஏலே, அண்ணாச்சி ஆழ்வார்குறிச்சியோட நிறுத்தப் போறாராம். மைக்கு, பெட்டி எல்லாத்தையும் குடுத்துரப் போறாராம். இதான் கடைசிக் கச்சேரியாம்."

"ஏன்?"

"கேட்டா ஒடம்புக்கு முடியலங்காரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு."

அண்ணன் அப்படியே வாழைச்சருகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கிடார் இரைவது பிடிக்கவில்லை, என்னை விலக்க மனசில்லாமல் குழுவையே கலைக்கிறார் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். வேறு குழுவுக்குப் போகலாமே என்று கேட்கலாம். விரல் இடம் மாறினால் வாசிக்கத் தெரியாத ஆளை வேறு எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்? அண்ணாச்சி குழு இல்லையென்றால் அண்ணனுக்குக் கிடார் இல்லை. வாழைத்தார் மட்டும்தான். அவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கிடாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றப் போனார். மதினி மறித்து வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

கடைசி ஒத்திகைக்கு அண்ணாச்சி வந்தார். முகம் வாடியிருந்தது. கிடார் இரைந்தது, அண்ணன் எவ்வளவு பைய வாசித்தும் இரைந்தது. அண்ணாச்சி பாடிக்கொண்டே சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். ஆற்றில் குளித்து ஏறினவர்கள் காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்துத் தட்டுவார்களே, அப்படித் தட்டினார். பிறகு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். அது கோபமான பார்வை இல்லை. இவர்களுக்குக் கேட்கிறதா இல்லையா என்று தேடுகிற பார்வை. ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் கண்கள் கலங்கிப் போயின.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். "மதினி, அவருக்குக் கிடார் மேல வருத்தம் இல்ல. காது கெட்டுப்போச்சுன்னு நினைக்காரு" என்றேன்.

மதினி டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நான் கேக்கேன்னு தப்பா நினைக்காதீய. காதுக்குள்ள என்ன செய்யுது ஒங்களுக்கு?"

அண்ணாச்சி முதலில் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். மதினி நகரவில்லை. டீத் தட்டோடு முன்னாலேயே நின்றாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒரு வண்டும்மா. காதுக்குள்ள ஒரு வண்டு இரையுது. பாடும்போது மட்டும் வருது. காது டாக்டர்கிட்டப் போனேன். ஒண்ணுமில்ல, வயசுக்கு நல்லாத்தான் இருக்குங்காரு. ஆனா இவங்க ஒருத்தனுக்கும் கேக்கல. எனக்கு மட்டும்தான் கேக்கு. டாக்டர நம்பவா, இத்தன பேர நம்பவா? காது போன பெறகு பாட்டுக்காரன் மேடையில நிக்கக் கூடாது. நாலு பேரு சிரிக்கதுக்கு முன்னால நாமளே எறங்கிரணும்."

அண்ணன் கிடாரோடு எழுந்தார்.

"அண்ணாச்சி…"

"என்னலே?"

"அது வண்டு இல்ல அண்ணாச்சி. என் கிடாரு."

"என்ன சொல்லுத?"

"எனக்குக் கேக்கு. எல்லாருக்கும் கேக்கு. நாங்கதான் கேக்கலன்னு சொன்னோம்."

அண்ணன் வயரைப் பிடுங்கிவிட்டு, கிடாரை அவர் காதோரம் கொண்டுபோய்த் தடித்த கம்பியைத் தட்டினார். புர்ர்.

அண்ணாச்சி துண்டை மடியில் போட்டார். "இன்னொரு தடவ அடி."

புர்ர்.

"இன்னொரு தடவ."

அவர் கிடாரை வாங்கி, தன் கையாலேயே தட்டிக் கேட்டார். கம்பி பட்டையில் உரசுவதைக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு அண்ணன் காதைப் பிடித்துத் திருகினார், நன்றாகவே திருகினார். "நாசமாப் போறவனே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னலே? நான் பார்வதிகிட்ட வீட்டுப் பத்திரத்தையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன்லே, எனக்கு என்னமோ ஆகப் போவுதுன்னு."

சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவர் பேச்சு. பார்வதியம்மாள் அவருடைய வீட்டுக்காரி.

பிறகு சட்டென்று நிறுத்தினார். தடித்த கம்பியை மறுபடி தட்டினார். தலையைச் சாய்த்தார்.

"இது ஏம்லே எறங்கிக் கெடக்கு?"

பெருமாள்ராஜ் எழுந்தான். "டீ ஆறுது அண்ணாச்சி."

"நீ ஒக்காரு."

பெருமாள்ராஜ் உட்கார்ந்தான். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாததால் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டார். அண்ணாச்சி கிடாரை மடியில் வைத்துக்கொண்டார். இனிமேல் ஏச்சுத்தான், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு எறக்குனிய?"

"ஒரு கட்டை."

"அதான் பாத்தேன்" என்று தொடையில் தட்டினார். "வீட்டுல சுருதிப் பெட்டியப் போட்டுப் பாடினா மேல எட்ட மாட்டேங்கு. மேடைக்கு வந்தா எட்டுது. ஒரே பாட்டு, ஒரே தொண்ட. எனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டோன்னு நினைச்சேன்லே. காதும் போச்சு, புத்தியும் போச்சுன்னு. பார்வதி திருச்செந்தூருக்கு நேந்துகிட்டு ஒக்காந்திருக்கா."

"ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதான்…" என்றான் பெருமாள்ராஜ்.

"குரலு எறங்குனா எறங்கிட்டுன்னு சொல்லுங்கலே. தலமுடி நரைச்சா கண்ணாடி சொல்லாம இருக்கா?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. எனக்கு இன்னும் முழுசா நம்பிக்க வரல. கிடாரும் இரையலாம், காதும் இரையலாம். ரெண்டும் சேந்தே இருக்கலாம்லா? நீ இத நிறுத்து. நின்ன பெறகும் எனக்குக் கேட்டா, அது காதுதான். ஆழ்வார்குறிச்சியோட சரி. கேக்கலன்னா பாடுதேன்."

அவர் போன பிறகு அண்ணன் பாக்கியசீலனுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னார். மஸ்கட்டில் இருந்து வந்த ஏச்சு போனை மேஜையில் வைத்த பிறகும் கேட்டது.

"ஏலே மடையா, ஒரு கட்டை எறக்கிட்டு அதே சன்னக் கம்பியப் போட்டிருக்க. துணி காயப் போடுற கொடி மாதிரி தொங்கும்லா? தொங்குனா பட்டையில ஒரசாம என்ன செய்யும்? கம்பி இழுக்குற இழுப்பு கொறைஞ்சா கழுத்து பின்னால வளையும். அதப் போய் நீ இன்னும் எறுக்கியிருக்க. பொய் சொல்லிட்டு மருந்து கேட்டா எந்த வைத்தியன் குடுப்பான்? எறுக்குனத அப்படியே தளத்து. தடிச்ச செட்டு வாங்கிப் போடு, பதினொண்ணு நம்பரு. தடிச்ச கம்பி எறங்கின சுருதியிலயும் விறைப்பா நிக்கும்."

"சரிண்ணே. இத குரூப்புல…"

"நான் என்ன தந்தி ஆபீஸா? வையிலே போன."

அண்ணன் மறுநாள் லோடுக்குப் போகவில்லை. திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, ஜங்ஷன் பக்கத்துக் கடையில் தடித்த கம்பி செட்டு வாங்கி வந்தார். கொட்டகையில் கோணியை விரித்து, அதன்மேல் மதினியின் பழைய சேலையை மடித்துப் போட்டு, கிடாரைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தலைப்பக்கத்து ஓட்டையில் சாவியை விட்டு, தான் இறுக்கின அளவு தளர்த்தினார். திருகுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டார். மரம் ஒன்றும் நெரியவில்லை.

புதுக் கம்பி தலைமாட்டில் கம்பிகளைத் தாங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. கம்பி தடிமன், பள்ளம் ஒல்லி. அண்ணன் யோசித்துவிட்டு, கழற்றிப் போட்ட பழைய கம்பியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, அதையே அரமாக வைத்து, பள்ளத்தைத் துளித்துளியாக அகலப்படுத்தினார். கொஞ்சம் தேய்ப்பார், ஊதுவார், கம்பியை வைத்துப் பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். ஆழமாகிவிட்டால் போச்சாம், கம்பி கீழே இறங்கி மறுபடி உரசுமாம். தார் சுமக்கிற அந்தக் கை அன்றைக்கு ஊசியில் நூல் கோக்கிற கை மாதிரி இருந்தது.

ஆறு கம்பியையும் ஏற்றிச் சுருதி கூட்டி, ஒரு இரவு அப்படியே விட்டார். காலையில், கம்பியின் முதல் பட்டையிலும் கடைசிப் பட்டையிலும் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏளா, நடுவுல வெளிச்சம் தெரியுதா பாரு." குனிந்து பார்த்தேன். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டை போகிற அளவுக்கு ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்ததில்லை. கீழ்ப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற சின்னத் திருகாணிகளை அரைச் சுற்று, கால் சுற்று என்று ஏற்றினார். பிறகு தடித்த கம்பியைத் தட்டினார்.

சத்தம் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி ஆழமாக வந்து, நெடுநேரம் நின்று, தானாக அடங்கியது. பின்னால் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு பட்டையாக ஏறிப்போய் இறங்கி வந்தார். ஒரே ஒரு இடத்தில் லேசாக உரசியது. திருகாணியை இன்னும் ஒரு மயிரிழை ஏற்றினார். அதுவும் போயிற்று.

"விரலு வலிக்குமே?" என்றாள் மதினி. தடித்த கம்பியை அழுத்த பலம் வேண்டும்.

"இது ஒரு கனமாளா?" என்றார் அண்ணன். நெடுநாளைக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஆழ்வார்குறிச்சிக்கு நானும் மதினியும்கூட வேனில் போனோம். சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. கோயில் முன்னால் பந்தல், வாழைமரம், கரும்பு வண்டி. பெண்கள் முன்கூட்டியே சாக்கு விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். யாரிடமும் பேசாமல் நேரே அண்ணனிடம் போனார்.

"மாட்டு."

அண்ணன் வயரை மாட்டினார். ஸ்பீக்கர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணாச்சி பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கரும்பு வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். பெருமாள்ராஜ் ஓடிப்போய், "அண்ணே, ஒரு நிமிஷம் மணிய நிறுத்துங்க" என்று கும்பிட்டு நிறுத்தினான்.

அண்ணன் தட்டினார். ஒரு கம்பி, அடுத்த கம்பி, பிறகு எல்லாம் சேர்த்து. அண்ணாச்சி "வாசி" என்று மட்டும் கையைக் காட்டினார். அண்ணன் சாமி பாட்டின் முன்வாசிப்பை முழுவதும் வாசித்தார். அண்ணாச்சி வாய்க்குள்ளேயே கூடப் பாடினார். பாடும்போதுதானே வண்டு வரும்? அதனால் குரலைத் திறந்து, உச்சிவரை போய் நின்றார். நின்று கேட்டார். கண்ணைத் திறக்காமலே சுண்டுவிரலைக் காதுக்குக் கொண்டுபோனார். நான் மதினி கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் பாதியிலேயே நின்றது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்கா அண்ணாச்சி?" என்றான் பெருமாள்ராஜ்.

"இரு." இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்ல" என்றார். "ஒண்ணுமே இல்லலே. சுத்தமா இருக்கு."

அண்ணன் கிடாரோடு அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மதினி, "எந்திரிங்க, பெட்டி ஒடஞ்சிரும்" என்றாள்.

அண்ணாச்சி போனை எடுத்துப் பார்வதியம்மாளைக் கூப்பிட்டார். "பார்வதி, நின்னுட்டு. ஆமா, நின்னுட்டு. காது நல்லாருக்கு. ஏன் அழுத? அழாத. திருச்செந்தூருக்குப் போவோம், போவோம், மொதல்ல சாப்பிடு." பிறகு பெருமாள்ராஜ் பக்கம் திரும்பினார். "ஆடியில ஒரு கொடை கேட்டு வந்தாங்களே, முடியாதுன்னு சொல்லிட்டேன். அவங்களுக்குப் போன் போட்டு வாரோம்னு சொல்லு. இப்பவே சொல்லு, வேற குழுவப் பாத்துரப் போறாங்க."

பெருமாள்ராஜ் போனோடு பந்தலுக்கு வெளியே ஓடினான். அண்ணன் துண்டால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினார். நானும் மதினியும் போய்ச் சாக்கில் இடம் தேடி உட்கார்ந்தோம். மதினி காலை நீட்டிக்கொண்டாள். மலைப்பக்கம் இருந்து குளிர்ந்த காற்று வந்தது. பெருமாள்ராஜ் திரும்பி வந்து, தூரத்தில் இருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மேடையில் விளக்குப் போட்டார்கள்.